மாடரேஷன்னா குறைக்கிறதா, நடுவுல நிக்கிறதா, அளக்கிறதா?

மாடரேஷன்னு ஒரு வார்த்தையை நாம ரொம்ப சாதாரணமா சொல்லிட்டுப் போயிடுறோம், ஆனா அது போற எடத்தையெல்லாம் வரிசையா வச்சுப் பாத்தா இது ஒரே வார்த்தைதானான்னு சந்தேகம் வந்துடும். பரீட்சை பேப்பர் திருத்துற எடத்துல மாடரேஷன்னா மார்க்கை சரிபண்றது, டிவி விவாதத்துல மாடரேட்டர்னா பேசுறவங்களுக்கு முறை வச்சுக் குடுக்குறவர், அணு உலையில மாடரேட்டர்னா அது ஆளே இல்ல, தண்ணியோ கிராஃபைட்டோ ஒரு பொருள், அரசியல்ல மாடரேட்னா மிதவாதி, டாக்டர் சொன்னா அளவா சாப்பிடுங்க, சோஷியல் மீடியாவுல சொன்னா யாரோட பதிவையோ தூக்கிட்டாங்கன்னு அர்த்தம். இத்தனைக்கும் பொதுவா என்னதான் இருக்குன்னு கேட்டா பெரும்பாலான பேர் சொல்ற பதில் ரெண்டு, ஒண்ணு "குறைச்சுக்கிறது", இன்னொண்ணு "நடுவுல நிக்கிறது". என்னைக் கேட்டா ரெண்டுமே பாதிதான் சரி, இந்த வார்த்தையோட வயித்துக்குள்ள இருக்கிறது அளவு, அந்த அளவை யார் வச்சது எதுக்காக வச்சதுங்கிறதை விட்டுட்டு மாடரேஷன்னு சொன்னா அது எதையுமே சொல்லல.

எங்கப்பாவுக்கு பி.பி. வந்தப்ப டாக்டர் "உப்பை மிதமா சேத்துக்கங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார், அப்பாவும் சரின்னு வந்துட்டார், மூணு மாசம் கழிச்சுப் பாத்தா ஒரு மாத்தமும் இல்ல, கேட்டா "நான் மிதமாத்தான் சேத்துக்குறேன்"ங்கிறார். அவர் பொய் சொல்லல, அவர் நாக்குக்கு அதுதான் மிதம். அடுத்த தடவ வேற ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன், அதுலயே எல்லாம் அடங்கணும்னு சொன்னார், உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற வரம்பும் அதுதான். வீட்டுக்கு வந்து அப்பா ஒரு டீஸ்பூன் உப்பை எடுத்து ஒரு தட்டுல கொட்டி ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தார். அன்னைக்குத்தான் இந்த வார்த்தை மேல எனக்கு ஒரு கண்ணு விழுந்துச்சு.

இது எங்கப்பாவோட தனிப் பிரச்சனையும் இல்ல. மிதமான அளவுன்னா உங்களுக்கு எவ்ளோன்னு ஆளுங்கள்ட்ட கேட்டுப் பாத்த ஆய்வு ஒண்ணு 2016ல வந்துச்சு, அதுல யார் எதை அதிகமா சாப்பிடுறாங்களோ அவங்க சொல்ற மிதமும் அதுக்குத் தகுந்த மாதிரி பெருசா இருந்துச்சு. எண்ணு இல்லாத மிதம் நம்ம பழக்கத்துக்கு நாமளே குடுத்துக்கிற சர்டிபிகேட் மாதிரி ஆயிடுது.

சரி, வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம். லத்தீன்ல மோடுஸ்னா அளவு, அதுலேருந்து மோடெராரி, அதாவது ஒண்ணை அளவுக்குள்ள வச்சு நடத்துறது. நடத்துறதுங்கிறதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா அந்தக் காலத்துல இந்த வினைச்சொல்லை குதிரை ஓட்டுறதுக்கும் சொல்லியிருக்காங்க. ஜூலியஸ் சீசர் கி.மு. 55ல பிரிட்டனுக்குப் படையோட போனப்ப அங்க தேர்ல சண்டை போடுறவங்களைப் பாத்து அசந்து போய் எழுதியிருக்கார், செங்குத்தா இறங்குற சரிவுல கூட பாய்ஞ்சு ஓடுற குதிரைங்களை இழுத்துப் பிடிச்சு, சட்டுனு வேகத்தை அடக்கி, அப்டியே திருப்பிடுறாங்கன்னு, அந்த வேகத்தை அடக்குற எடத்துல அவர் போட்ட சொல் இதே மோடெராரிதான். குதிரையை அவுத்து விட்டுடல, கட்டிப் போட்டுடவும் இல்ல, சண்டையும் நடக்குது, கடிவாளமும் கையில இருக்கு. மாடரேஷன்னு சொன்னாலே எனக்கு இப்பல்லாம் அந்தச் சரிவுதான் ஞாபகம் வருது.

அந்த மோடுஸோட வாரிசுங்க நம்ம வாயில தினமும் வருது, மோட், மாடல், மாடர்ன், மாடஸ்ட், எல்லாம் ஒரே குடும்பம். இன்னும் பின்னாடி போனா மெடிசின், மெடிடேஷன் ரெண்டும் கூட இதோட தூரத்துச் சொந்தம்னு மொழியியல்காரங்க சொல்றாங்க, தகுந்த அளவைப் பாத்து செய்யிறதுங்கிற ஒரு பழைய வேர்.

இப்ப தமிழுக்கு வாங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். மிதம்ங்கிறது சமஸ்கிருதத்துலேருந்து வந்த சொல், அதுக்கு நேரடி அர்த்தமே "அளக்கப்பட்டது", மாங்கிற வேர், அளக்குறது. அதே வேர்லதான் பிரமாணம், பரிமாணம், மாத்திரை எல்லாம் வருது. மாத்திரையைப் பாருங்க, இலக்கணத்துல எழுத்து ஒலிக்கிற நேரத்தை அளக்குற அலகு அது, மருந்துக் கடையில வாங்குறதும் அதுதான், அளவு பாத்துக் குடுக்குற மருந்து. லத்தீன் பக்கம் அளவும் மருந்தும் ஒரு வேர்ல கூடி நிக்குது, இந்தப் பக்கமும் வேற ஒரு வேர்ல அதே மாதிரி கூடி நிக்குது. அளவில்லாம இருக்கிறதை அபரிமிதம்னு சொல்றோமே, அதுக்குள்ளயும் மிதம் இருக்கு. அப்புறம் நம்ம மட்டு. மட்டுன்னா அளவு, எல்லை. மட்டில்லாத சந்தோஷம், மட்டு மரியாதை தெரியாதவன், எல்லாத்துக்கும் மேல "மட்டும்". "எனக்கு மட்டும்"னு சொல்றப்பல்லாம் நாம ஒரு கோடு போட்டுத்தான் பேசுறோம்.

ஆனா பேச்சு வழக்குல இந்த அளவுங்கிற அர்த்தம் எப்டியோ சாய்ஞ்சு "குறை"ங்கிற பக்கம் விழுந்துடுச்சு. மிதமா சாப்பிடுன்னா கம்மியா சாப்பிடு, மிதமா பேசுன்னா சத்தத்தைக் குறை. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுங்கிற பழமொழிக்கு இதுல பங்கு இருக்குன்னு நெனைக்கிறேன், அது மிஞ்சுறதைப் பத்தி மட்டும்தான் பேசுது. திருக்குறள்ல மருந்துங்கிற அதிகாரத்தை எடுத்துப் பாத்தா முதல் குறளே கூடுனாலும் நோய், குறைஞ்சாலும் நோய்னு ரெண்டு பக்கமும் சேத்துத்தான் சொல்லுது. சாப்பிடவே பயந்து எலும்பும் தோலுமா ஆயிட்ட ஒருத்தருக்கு மாடரேஷன்னா இன்னும் ரெண்டு வாய் அதிகமா சாப்பிடுறது. வாயே தொறக்காம மீட்டிங்ல உக்காந்திருக்கிறவருக்கு மாடரேஷன்னா பேசுறது. இதை யாரும் சொல்றதில்ல.

அடுத்த சாய்வு "நடுவு". இதுக்கு அரிஸ்டாட்டில் பேரைச் சொல்லி ஒரு தப்பு ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, அவர் எல்லாத்துலயும் நட்டநடுவுல நிக்கச் சொன்னார்னு. அவர் சொன்னது அது இல்ல. அவரே ஒரு உதாரணம் குடுக்குறார், 10 பங்கு சாப்பாடு ஒருத்தருக்கு ரொம்ப அதிகம், 2 பங்கு ரொம்பக் கம்மின்னு வச்சுக்கங்க, கணக்குப்படி நடு 6, ஆனா பயிற்சியாளர் எல்லாருக்கும் 6 பங்கு வைக்க மாட்டார், ஏன்னா மைலோ மாதிரி ஆளுக்கு அது பத்தாது, இன்னைக்குத்தான் பயிற்சிக்கு வந்த புது ஆளுக்கு அது அதிகம். மைலோங்கிறவர் குரோட்டன் ஊரு மல்யுத்த வீரர், ஒலிம்பிக்ல பல தடவ ஜெயிச்சவர். ஆக நடுங்கிறது அளவுகோல்ல இருக்கிற புள்ளி இல்ல, ஆளைப் பொறுத்து, வேலையைப் பொறுத்து, நேரத்தைப் பொறுத்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒண்ணு. இன்னொண்ணும் அவர் சொல்றார், பலர் அதைக் கண்டுக்கிறதே இல்ல, கொலை, திருட்டு மாதிரி சில விஷயங்களுக்கு நடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம், மிதமா திருடுறதுன்னு ஒரு நல்ல குணம் இல்ல. கீழ அரசியல் வர்றப்ப இது நமக்குத் தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கங்க.

புத்தரோட மத்திம மார்க்கம், எது மிஞ்சுனாலும் அது குறையிறதுக்குச் சமம்னு கன்பூசியஸ் சொன்னது, கிரேக்கத்துல டெல்பி கோயில்ல "எதுலயும் மிகை வேண்டாம்"னு பொறிச்சு வச்சது, எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்கன்னு சொல்றவங்க உண்டு, நான் அப்டி நெனைக்கல. புத்தர் சொன்னதுல ஒரு பக்கம் சுகபோகம், இன்னொரு பக்கம் உடம்பை வதைக்கிற தவம், ரெண்டையும் அவரே வாழ்ந்து பாத்து ரெண்டும் போய்ச் சேர வேண்டிய எடத்துக்குக் கொண்டு போகலைன்னு விட்டுட்டு மூணாவதா ஒரு வழி கண்டார், ரெண்டையும் பாதிப் பாதி கலக்கல.

ஒரு சொல் எப்டி தன் சொந்த அர்த்தத்தையே விட்டுட்டுப் போகும்ங்கிறதுக்கு டெம்பரன்ஸ் நல்ல உதாரணம். மாடரேஷனுக்கு அக்கா மாதிரி அது, அர்த்தமும் கிட்டத்தட்ட அதேதான், தன்னடக்கம், அளவா இருக்கிறது. 1826ல அமெரிக்காவுல பாஸ்டன்ல டெம்பரன்ஸ் சங்கம் ஆரம்பிச்சப்ப அவங்க எதிர்த்தது காய்ச்சி வடிச்ச கடுமையான சரக்கைத்தான், பீர், ஒயின் அளவா குடிக்கிறவங்க மேல பெருசா கோபம் இல்ல. பத்து இருபது வருஷத்துக்குள்ள உறுதிமொழியே மாறி ஒரு சொட்டும் தொடக்கூடாதுன்னு ஆயிடுச்சு, 1920ல நாடு முழுக்க மதுவிலக்கு, 1933ல அதை எடுத்துட்டாங்க. அளவுங்கிற அர்த்தத்துல பொறந்த சொல் அறவே கூடாதுங்கிற அர்த்தத்துல போய் நின்னுச்சு. குடி ஒரு குடும்பத்தை என்ன பண்ணும்னு பாத்தவங்க அந்தப் பக்கம் போனதை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கப்புறம் அளவா இருக்கிறதைச் சொல்ல அந்தச் சொல் அவங்க கையில இல்லாம போச்சு.

இன்னைக்கும் மிதமான குடின்னா என்னங்கிறது நாட்டுக்கு நாடு வேற. பிரிட்டன்ல 2016லேருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல போகாதீங்கன்னு சொல்றாங்க, ஒரு யூனிட்ல 8 கிராம் ஆல்கஹால். அமெரிக்காவுல 2020ல வந்த வழிகாட்டியில ஆணுக்கு நாளைக்கு 2 டிரிங்க், பெண்ணுக்கு 1ன்னு இருந்துச்சு, ஆனா அவங்க ஊரு ஒரு டிரிங்க்ங்கிறது 14 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த அமெரிக்கக் கணக்குல மிதமா குடிக்கிற ஆண் வாரத்துக்கு 196 கிராம் வரைக்கும் போயிருக்கலாம், பிரிட்டன் கணக்குல 112 தான். 2023ல உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொல்லிடுச்சு. அதே நிறுவனம் உடற்பயிற்சிக்கு மிதமானதுன்னா என்னன்னு அழகா வரையறுத்து வச்சிருக்கு, வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம், எது மிதம்னு தெரிய டாக்டர்கள் சொல்ற ஒரு எளிய வழி கூட உண்டு, செய்றப்ப பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது. எவ்ளோ தெளிவு பாருங்க. நிலநடுக்கத்துல 5லேருந்து 5.9 வரைக்கும் ரிக்டர்ல வந்தா அதுக்கு மிதமானதுன்னு பேரு, காத்துல மணிக்கு 20லேருந்து 28 கிலோமீட்டர்னா மிதமான காத்து. இயற்கையை அளக்குறப்ப இந்த வார்த்தை ஒழுங்கா ஒரு எண்ணு மேல உக்காந்துடுது, மனுஷன் தன்னை அளக்குறப்பதான் அது வழுக்குது.

இப்ப அணு உலை. மாடரேஷனை எங்க படிச்சா நல்லா புரியும்னு கேட்டா நான் தத்துவத்தைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன். நிறைய பேர் மாடரேட்டர்னா அணு உலையை அடக்கி வைக்கிறது, பிரேக்னு நெனைக்கிறாங்க. நம்ம பாடப்புத்தகத்துல தணிப்பான்னு பேர் போட்டிருக்கிறதும் அந்த எண்ணத்தைத்தான் குடுக்குது. உண்மை நேர் எதிர். யுரேனியம் 235 அணு பிளக்குறப்ப சராசரியா ரெண்டரை நியூட்ரான் கிட்ட வெளிய வருது, அதோட வேகம் செகண்டுக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர். இவ்ளோ வேகமா போற நியூட்ரானை அடுத்த யுரேனியம் அணுவால பெரும்பாலும் பிடிக்க முடியறதில்ல, தாண்டிப் போயிடும். அதே நியூட்ரானோட வேகம் செகண்டுக்கு 2 கிலோமீட்டர் சொச்சத்துக்கு இறங்குச்சுன்னா அது அணுவைப் பிளக்குற வாய்ப்பு நூத்துக்கணக்கான மடங்கு கூடுது. அதனாலதான் நடுவுல ஒரு பொருளை வைக்கிறாங்க, நியூட்ரான் அதுல முட்டி முட்டி வேகம் இழக்கும். பந்து ஒண்ணு பெரிய பாறையில மோதுனா அதே வேகத்துல திரும்பி வரும், தன் எடையே இருக்கிற இன்னொரு பந்துல நேருக்கு நேர் மோதுனா வேகம் மொத்தமும் அதுகிட்ட போயிடும், அந்த மாதிரி நியூட்ரானும் லேசான அணுக்கள்ல மோதுனாத்தான் சீக்கிரம் அடங்கும். ஹைட்ரஜன்ல 18 மோதல் போதும், கார்பன்ல 110க்கு மேல வேணும், யுரேனியத்துலயே மோதிட்டு இருந்தா 2,000த்தையும் தாண்டும்.

ஆக மாடரேட்டர் இல்லன்னா இந்த வகை உலையில ஒரு அணு பிளந்து அடுத்ததைப் பிளக்குற தொடர்வினையே நடக்காது. வேகத்தைக் குறைக்கிறது வேலையை நிறுத்த இல்ல, வேலை நடக்க. நிறுத்துறதுக்கு வேற ஆள் இருக்கு, போரான், காட்மியம் கலந்த கட்டுப்பாட்டுத் தண்டுகள், அது நியூட்ரானை முழுங்கிடும். அடக்குறது வேற முழுங்குறது வேற, ரெண்டுக்கும் தனித்தனி கருவி, தனித்தனி பேரு. 1942 டிசம்பர் 2ஆம் தேதி சிகாகோவுல என்ரிகோ ஃபெர்மி குழு முதல் தொடர்வினையை நடத்திக் காட்டினப்ப மாடரேட்டரா இருந்தது கிராஃபைட், கிட்டத்தட்ட 45,000 கட்டிங்களை ஒண்ணு மேல ஒண்ணா கையால அடுக்கியிருந்தாங்க, அவ்ளோ உழைப்புக்கும் அன்னைக்கு வந்தது அரை வாட் சக்திதான், ஆனா வினை தானா ஓடுச்சு, கட்டுக்குள்ளயும் இருந்துச்சு.

மாடரேட்டர் எதுங்கிறதும் முக்கியம். சாதாரண தண்ணி வேகத்தை நல்லா குறைக்கும், ஆனா கொஞ்சம் நியூட்ரானைத் தானே முழுங்கிடும், அதனால அதுக்கு 235ங்கிற வகையோட பங்கைக் கூட்டிச் செறிவூட்டின யுரேனியம் வேணும். கனநீரும், அதாவது கனமான ஹைட்ரஜன் இருக்கிற தண்ணியும், கிராஃபைட்டும் அந்த அளவுக்கு முழுங்காது, இயற்கை யுரேனியமே போதும். தண்ணியே மாடரேட்டராவும் குளிரூட்டியாவும் இருக்கிற உலையில தண்ணி போயிடுச்சுன்னா தொடர்வினையும் அடங்கிடும், மிச்சச் சூடுதான் அப்புறம் பிரச்சனை. செர்னோபில் உலையில மாடரேட்டர் கிராஃபைட், தண்ணி குளிர வைக்க மட்டும், தண்ணி கொதிச்சு ஆவியானா முழுங்குறதுக்கு ஆள் குறையுது, கிராஃபைட் பாட்டுக்கு தன் வேலையைப் பாத்துட்டே இருக்கு, வினை ஏறுது. 1986 ஏப்ரல் 26 விபத்துக்கு இந்த வடிவமைப்புக் குறையும் ஒரு முக்கிய காரணம்.

மனுஷ மாடரேட்டருக்கு வந்தா அங்கயும் இதே கதைதான், ஆனா தமிழ்ல நமக்கு ஒரு சிக்கல் இருக்கு. மாடரேட்டரை நடுவர்னு மொழிபெயர்க்கிற பழக்கம் உண்டு, அது சரியில்ல. நடுவர் தீர்ப்பு சொல்றவர், யார் ஜெயிச்சாங்கன்னு கடைசியில அவர் வாயிலதான் வரணும். மாடரேட்டர் தீர்ப்பு சொல்லவே கூடாது, அவர் வேலை பேச்சு ஓடுறதைப் பாத்துக்கிறது, நேரத்தைப் பிரிச்சுக் குடுக்குறது, வாய் பேசாம இருக்கிறவரை இழுத்து விடுறது, ஒரே ஆள் முழுங்கிடாம பாத்துக்கிறது. டிவிக்காரங்க நெறியாளர்னு ஒரு சொல்லைப் பிடிச்சாங்க, அது எவ்ளோ பொருத்தம், நெறிப்படுத்துறவர். 1960 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயம், செப்டம்பர் 26ல கென்னடிக்கும் நிக்சனுக்கும் நடந்த முதல் டிவி விவாதத்தை நெறிப்படுத்துன ஹோவர்ட் கே. ஸ்மித் பேசுனது ரொம்பக் கம்மி, விதியைச் சொன்னார், முறை வச்சார், அவ்ளோதான். 2020ல ட்ரம்புக்கும் பைடனுக்கும் நடந்த முதல் விவாதம் குறுக்குப் பேச்சுலயே கரைஞ்சு போச்சு, அதனால அக்டோபர் 22ல நடந்த கடைசி விவாதத்துல ஒருத்தர் தன் முதல் 2 நிமிஷம் பேசுறப்ப மத்தவர் மைக்கை அணைச்சு வச்சாங்க. அந்த மைக்கை அணைச்சதால பேச்சு குறைஞ்சுதா கூடுச்சான்னு யோசிச்சுப் பாருங்க, கேக்குறவங்களுக்குப் போய்ச் சேர்ந்த பேச்சு கூடுச்சு. ஸ்காட்லாந்து திருச்சபையில பொதுப் பேரவையை நடத்துறவருக்கும் மாடரேட்டர்னுதான் பேரு, ஒரு வருஷம் இருப்பார், அப்புறம் இன்னொருத்தர். உக்காந்து கூட்டத்தை நடத்துறவர்ங்கிறதுக்கு மேல சபைக்கு அவர் எஜமான் இல்ல.

நான் சில கூட்டங்களை நடத்தியிருக்கேன், அதுல ஒண்ணு இன்னும் மனசுல கெடக்குது. ஒரு அம்மா கோபமா பேச ஆரம்பிச்சாங்க, நான் உடனே "கொஞ்சம் மிதமா பேசுங்க"ன்னு சொல்லிட்டேன், அவங்க அப்டியே உக்காந்துட்டாங்க, அதுக்கப்புறம் வாயே தொறக்கல. கூட்டம் அமைதியா முடிஞ்சுது, எல்லாரும் நல்லா நடத்துனீங்கன்னாங்க. ஆனா அவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் பண்ணது வேகத்தைக் குறைக்கிறது இல்ல, முழுங்குறது.

பரீட்சை மாடரேஷனை சுருக்கமா சொல்லிடுறேன். ஒரே விடைத்தாளை ரெண்டு பேர் திருத்துனா ஒருத்தர் தாராளம், ஒருத்தர் கறார். எந்தக் கையில போய் விழுந்துச்சுங்கிறதை வச்சு ஒரு பிள்ளையோட தலையெழுத்து மாறக்கூடாதுல்ல, அதுக்குத்தான் சில தாள்களை எடுத்து இன்னொருத்தர் மறுபடி திருத்திப் பாத்து, ஒருத்தர் தொடர்ந்து கறாரா போட்டிருந்தா அவர் போட்டதையெல்லாம் அதுக்கேத்த மாதிரி ஏத்துறது, தாராளமா இருந்தா இறக்குறது. இறக்குறதும் உண்டு, அதான் விஷயம். இஷ்டத்துக்குப் போடுறவரை, ஒரு தாள்ல கறார் இன்னொண்ணுல தாராளம்னு இருக்கிறவரை இந்த முறையால சரிபண்ண முடியாது, அத்தனையும் திரும்பத் திருத்தணும். எல்லாருக்கும் மொத்தமா மார்க்கை ஏத்தி விட்டுட்டு அதுக்கு மாடரேஷன்னு பேர் வைக்கிறது வார்த்தையை ஏமாத்துற வேலை. புள்ளியியல்ல மாடரேட்டர்ங்கிறது ரெண்டு விஷயத்துக்கு நடுவுல இருக்கிற தொடர்போட பலத்தையோ திசையையோ மாத்துற மூணாவது காரணி, அங்கயும் பாருங்க குறைக்கிறது மட்டும் இல்ல, கூட்டவும் செய்யும்.

அரசியலுக்கு வந்துட்டோம். இங்கதான் இந்தச் சொல்லை ரொம்ப ஜாக்கிரதையா தொடணும். பிரெஞ்சுப் புரட்சியில 1793, 94ல மிதவாதம்ங்கிறதே ஒரு குற்றச்சாட்டு, புரட்சிக்குத் துரோகம் மாதிரி. எதிரின்னு பட்டவங்களையெல்லாம் வெட்டிட்டு இருந்த பயங்கர ஆட்சியைத் தளர்த்தணும்னு சொன்ன புரட்சித் தலைவர் தாந்தோனை 1794 ஏப்ரல் 5ல கில்லட்டின்ல வெட்டினாங்க, வெட்டச் சொன்ன ரோபெஸ்பியரும் அதே வருஷம் ஜூலை 28ல அதே கில்லட்டின்ல போனார். நம்ம காங்கிரஸ் 1907 டிசம்பர்ல சூரத்துல உடைஞ்சப்ப ஒரு பக்கம் கோகலே, பெரோஸ்ஷா மேத்தா, இன்னொரு பக்கம் திலகர், அந்தப் பக்கத்துக்காகத்தான் இங்கேருந்து வ.உ.சி.யும் பாரதியும் போயிருந்தாங்க. மிதவாதிகள், தீவிரவாதிகள்னு அப்ப வச்ச பேர்ல ரெண்டாவது சொல் இன்னைக்கு என்ன அர்த்தத்துல நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், அன்னைக்கு அது விண்ணப்பம் போட்டுக் காத்திருக்காம அந்நியத் துணியைப் புறக்கணிக்கணும், சுயராஜ்யம் வேணும்னு கேட்டவங்களைச் சொன்னது. எதிர்ச் சொல் நகர்ந்தா மிதவாதியும் தானா நகர்ந்துடுறார், ரெண்டு கரையைப் பொறுத்துத்தானே நடு. கரையை யாராவது தள்ளி வச்சா நேத்து வரைக்கும் ஓரத்துல இருந்தவர் இன்னைக்கு நடுவுல.

அமெரிக்காவுல அடிமை முறையை எதிர்த்த வில்லியம் லாயிட் கேரிசன் 1831 ஜனவரி 1ல தன் பத்திரிகையோட முதல் இதழ்லயே எழுதிட்டார், வீடு பத்தி எரியிறவன்ட்ட மிதமா கத்துன்னு சொல்வீங்களா, இந்த விஷயத்துல மிதமா யோசிக்கவோ பேசவோ எழுதவோ எனக்கு விருப்பம் இல்லன்னு. 1963 ஏப்ரல்ல பர்மிங்காம் சிறையிலேருந்து எழுதுன கடிதத்துல மார்ட்டின் லூதர் கிங் கறுப்பர்களோட சம உரிமைக்குப் பெரிய முட்டுக்கட்டை முகமூடி போட்ட கு க்ளக்ஸ் கிளான் வெறியன் இல்ல, நீதியை விட ஒழுங்கு முக்கியம்னு நெனைக்கிற வெள்ளை மிதவாதிதான்னு வேதனையோட சொன்னார். அடுத்த வருஷமே, 1964 ஜூலையில, நிற வேற்றுமையைத் தடுக்குற சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிரா ஓட்டுப் போட்ட செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் தன் கட்சி மாநாட்டுல நீதியைத் தேடுறதுல மிதம் ஒரு நல்ல குணமே இல்லன்னு முழங்குறார். எதிரெதிர் பக்கம் நின்ன ரெண்டு பேர், ஒரே வார்த்தையை அடிக்கிறாங்க. அதனால மிதவாதம் கெட்டதுன்னும் ஆகாது, நல்லதுன்னும் ஆகாது, எதுல மிதம்னு கேக்கணும். கிங் போராட்ட முறையில அத்தனை அளவு வச்சவர், அடிச்சா திருப்பி அடிக்காம இருக்கப் பயிற்சியே குடுத்து ஆளுங்களைத் தெருவுக்கு அனுப்பினவர், ஆனா எதைக் கேக்குறோம்ங்கிறதுல அவர் ஒரு அங்குலம் குறைக்கல. அரிஸ்டாட்டில் சொன்ன திருட்டு உதாரணம் இங்கதான் வேலை செய்யுது, பாதி மனுஷனா நடத்துறேன்னு சொல்றது மிதம் இல்ல. ஒருத்தர்ட்ட மிதமா இருன்னு சொல்றவர் அவர் குரலைச் சொல்றாரா, கோரிக்கையைச் சொல்றாரா, அதைப் பிரிச்சு கேட்டுட்டா பாதி சண்டை தெளிவாயிடும்.

கடைசியா சோஷியல் மீடியா மாடரேஷன். இதைத் தணிக்கைன்னு சொல்லலாமாங்கிற சண்டை ஓயாது. ஐரோப்பிய யூனியன் 2022ல கொண்டு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டத்துல இதுக்குக் குடுத்த வரையறையைப் பாத்தா பதிவை நீக்குறது அதுல ஒரு பகுதிதான், கண்ணுல படுறதைக் குறைக்கிறது, கீழ தள்ளுறது, வருமானத்தை நிறுத்துறது, கணக்கையே முடக்குறது எல்லாம் உள்ள வருது, ஏன் பண்ணீங்கன்னு காரணம் சொல்லணும், முறையிட வழி இருக்கணும்னும் அந்தச் சட்டம் கேக்குது. எனக்கு அந்தக் காரணம் சொல்றதுங்கிற எடம்தான் முக்கியம். அளவு எதுன்னு முன்னாடியே சொல்லி, எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சு, மீறுனா ஏன்னு சொன்னா அது மட்டுறுத்தல். அளவை மறைச்சு வச்சுக்கிட்டு வெட்டுனா பேர் எதுவா இருந்தாலும் அது முழுங்குறதுதான்.

மாடரேஷனுக்கு மட்டுறுத்தல்ங்கிற சொல்லை நம்ம இணையத் தமிழ்க்காரங்கதான் பரவலா ஆக்குனாங்க, கேக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு அது கண்ணுல தூசி உறுத்துற மாதிரி கேக்குதாம், அதனால வேண்டாம்ங்கிறாங்க. ஆனா இந்த உறுத்து வேற. அறிவுறுத்து, வலியுறுத்துல வர்ற உறுத்து இது, ஒண்ணை அடைய வைக்கிறது. அறிவை அடைய வச்சா அறிவுறுத்தல், மட்டை, அதாவது அளவை, அடைய வச்சா மட்டுறுத்தல். கூடியிருந்தா இறக்கி, குறைஞ்சிருந்தா ஏத்தி, அளவுல கொண்டு வந்து சேக்குறது, லத்தீன்காரன் கடிவாளத்தைப் பிடிச்சுச் சொன்னதும் இதுதான். செய்யிற ஆளை ஓட்டுநர், இயக்குநர் மாதிரி மட்டுறுத்துநர்னு எழுதுங்க, ரெண்டு சுழி, மூணு சுழி போட்டு மட்டுறுத்துனர், மட்டுறுத்துணர்னு நிறைய எடத்துல பாக்குறேன், அங்க வர வேண்டியது தந்நகரம், அதாவது ந.